துலாக்கோல் யார் கையில்?

நல்லாசிரியனுக்கு உவமை காட்டப் புகுந்த நன்னூலார், நிலம், மலை, மலர் என்னும் மூன்றனோடு நிறைகோலையும் சேர்த்து வைத்தார். ஆசிரியன் கற்பிப்பவன் மட்டும் அல்லன். நிறுப்பவனும் ஆவான் என்பது அவர் கருத்து. ஐயமற அளவைக் காட்டுதலும், எப்பக்கமும் சாயாது நடுநிற்றலும் நிறைகோலின் இரு பண்புகள். கற்பிப்பதில் ஆசிரியன் பிழைபட்டால், மாணவன் வேறோர் ஆசிரியனிடமோ நூலிடமோ சென்று அப்பிழையைத் திருத்திக்கொள்ளக்கூடும். நிறுப்பதில் பிழைபட்டாலோ, அப்பிழை மதிப்பெண் பட்டியலில் ஏறி, அவன் வாழ்நாள் முழுதும் அவனைத் தொடர்ந்து வரும். வள்ளுவப் பெருந்தகை நடுவுநிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்து, ஆங்கும் துலாக்கோலையே சான்றோர்க்கு அணியாகக் காட்டியது இதனாலேயே.

ஆண்டுதோறும் பொதுத்தேர்வு முடிந்ததும் இந்நிறைகோல் ஆசிரியர் கைக்கு வருகிறது. செங்கோட்டையிலும் கடையநல்லூரிலும் சுரண்டையிலும் ஆலங்குளத்திலும் தமிழ்வழியில் பயின்ற பிள்ளைகளின் விடைத்தாள்கள் கட்டுக்கட்டாகத் திருத்தும் மையங்களுக்குச் செல்கின்றன. பகலெல்லாம் பீடி சுற்றும் தாயின் மகள், தென்காசிக் கடைவீதியில் மூட்டை சுமக்கும் தந்தையின் மகன், குற்றாலத்துச் சாரற் பருவத்தை நம்பிக் கடை வைத்திருப்பவரின் பிள்ளை ஆகிய அனைவரின் உழைப்பும் அத்தாள்களில் இருக்கிறது. எழுதியவர் யார் எனத் திருத்துபவர்க்குத் தெரியாது. திருத்துபவர் யார் என எழுதியவர்க்கும் தெரியாது. அவ்விருவர்க்கும் நடுவே நிற்பது ஓர் அளவுகோல் மட்டுமே. தமிழில் எழுதப்பட்ட அவ்விடையைத் தமிழ் அளக்கின்றதா, ஆங்கிலம் அளக்கின்றதா? இக்கேள்வி மொழியுரிமைக் கேள்வி. அதனினும் மேலாக முறைமைக் கேள்வி.

மதிப்பீட்டைச் சீர்தூக்குவது என்பது மூன்று பணிகளைக் கொண்டது. முதலாவது, எது சரியான விடை என்பதைத் தேர்வுக்கு முன்பே வரையறுத்து விடைக்குறிப்பு வகுத்தல். இரண்டாவது, திருத்துவோர் பலரும் ஒரே அளவில் மதிப்பெண் இடுகின்றனரா என மேலிருப்பவர் பார்த்தல். தமிழகத்துத் திருத்தும் மையங்களில் உதவித் தேர்வாளர்க்கு மேலே கூர்ந்தாய்வு அலுவலரும் முதன்மைத் தேர்வாளரும் அமர்த்தப்படுவது இதற்காகவே. மூன்றாவது, வினாத்தாளிலேயே பிழை நேர்ந்துவிடின், அதனால் இழந்தவர்க்கு ஈடு செய்தல். முதற்பணி செவ்வனே நடந்தால் இரண்டாவது எளிதாகும். மூன்றாவது பெரும்பாலும் தேவைப்படாது. முதற்பணி தவறின், மூன்றாவது பணியை எவராலும் முறையாகச் செய்ய இயலாது. இதனை நாடே கண்ட நிகழ்ச்சி 2018-ஆம் ஆண்டு நேர்ந்தது.

அவ்வாண்டு மே 6-ஆம் நாள் நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் நடத்திய மருத்துவ நுழைவுத் தேர்வாகிய நீட் தேர்வைத் தமிழில் எழுதியோர் 24,720 பேர். வினாக்கள் 180, மொத்த மதிப்பெண் 720. சரியான விடை ஒவ்வொன்றுக்கும் நான்கு மதிப்பெண். தவறான விடைக்கு ஒன்று கழிக்கப்படும். தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழைபட மொழிபெயர்க்கப்பட்டுள்ளன என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. சிவிங்கி என்று தமிழிற் பெயருள்ள விலங்கு, அதன் ஆங்கிலப் பெயரின் சிதைவாகச் ‘சீத்தா’ என அச்சாகியிருந்ததை இதழ்கள் அன்று எடுத்துக்காட்டின. தமிழ்ப் பிள்ளைக்குச் சீத்தா என்பது ஒரு பழத்தின் பெயர். உயிரியல் வினாவில் விலங்கு நிற்கவேண்டிய இடத்தில் பழம் நின்றால், பாடம் அறிந்த பிள்ளையும் தடுமாறத்தான் செய்யும்.

இத்தடுமாற்றத்தின் விலையைக் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். பிழையான வினாவை விட்டுவிட்டவன் நான்கு மதிப்பெண் இழந்தான். பிழையை நம்பி விடையளித்தவன் அந்நான்கோடு மேலும் ஒன்றும் இழந்தான். 49 வினாக்களுக்கும் நான்கு நான்காகக் கூட்டினால் 196. அஃதாவது மொத்தத்தில் நான்கில் ஒரு பங்கினும் மிகுதி. ஒரு மதிப்பெண் வேறுபாட்டில் நூற்றுக்கணக்கானோர் முன்பின்னாகும் தேர்வில் இஃது எத்துணைப் பெரிய பளு!

ஆங்கில வினாவும் அருகிலேயே அச்சிடப்பட்டிருந்தது என்றும், மொழிபெயர்ப்பில் ஐயம் எழின் ஆங்கில வடிவமே முடிவானது என்றும் முன்பே நெறிமுறை வகுக்கப்பட்டிருந்தது என்றும் வாரியத்தின் சார்பில் கூறப்பட்டது. தமிழில் தேர்வு எழுதலாம் என்று ஒரு கையால் கொடுத்துவிட்டு, தமிழை நம்பினால் இழப்பு உன்னுடையது என்று மறு கையால் பறிப்பதற்குப் பெயர் நெறிமுறையா? ஆங்கிலத்தைப் படித்துச் சரிபார்த்துக்கொள்ளும் வன்மை இருந்தால் அப்பிள்ளை தமிழ் வினாத்தாளைக் கேட்டிருப்பானேன்? இரு மொழியையும் மாறி மாறி ஒப்பிட்டுப் பார்க்கச் செலவாகும் நேரத்தை யார் திருப்பித் தருவார்? பிழை செய்தவர் ஒருவர். அதன் சுமையைத் தாங்குபவர் வேறொருவர் என்பதே அந்நெறிமுறையின் பொருள். நீட் தேர்வு 2019 முதல் நாட்டுத் தேர்வு முகமையின் கைக்கு மாறிய பின்னரும் அந்நெறிமுறை மாறவில்லை.

2018 சூலை 10 அன்று சென்னை உயர்முறைமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழில் எழுதிய அனைவர்க்கும் 196 மதிப்பெண் வழங்கித் தரவரிசையைத் திருத்துமாறு ஆணையிட்டது. தமிழுலகம் மகிழ்ந்தது, மகிழ்ந்தது இயல்பே. ஆனால் பத்து நாளில் உச்ச முறைமன்றம் அவ்வாணையை நிறுத்திவைத்தது. அவ்வாண்டு நவம்பரில் நீக்கியும் விட்டது. தமிழில் எழுதியவர் பிறரைவிடப் பெருநலம் பெற்றுவிடுவர் என்பது ஆங்குக் கூறப்பட்ட தடை.

உணர்ச்சியை ஒருபுறம் வைத்து, நிறைகோலைக் கையில் எடுத்து நோக்கினால், அத்தடையில் ஓர் உண்மை இருப்பதை மறுக்க இயலாது. அனைவர்க்கும் ஒரே அளவாக 196 வழங்கினால், அவ்வினாக்களுள் சிலவற்றுக்கு முன்பே சரியான விடை எழுதி மதிப்பெண் பெற்றவர் மீண்டும் ஒருமுறை பெறுவர். 524-க்கு மேல் பெற்றவர் எவரேனும் இருப்பின், அவர் மதிப்பெண் 720-ஐயே கடந்துவிடும். இழப்பு ஆளுக்காள் வேறுபட்டது. ஈடு மட்டும் ஒரே அளவினது. ஆயினும் அதனைத் தள்ளியதோடு நின்றதும் முறையாகாது. ஒரு பக்கம் அளவிறந்த ஈடு; மறுபக்கம் ஈடே இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருந்தது. பாட வல்லுநரும் தமிழ் வல்லுநரும் ஒருங்கு அமர்ந்து அந்நாற்பத்தொன்பதையும் ஒவ்வொன்றாக ஆராய்தல். பொருளைக் கெடுக்காத எழுத்துப் பிழைகளை ஒதுக்குதல். பொருளையே மாற்றிய வினாக்களை மட்டும் பிரித்தல். அவற்றில் தவறியவர்க்குக் கழித்த மதிப்பெண்ணைத் திருப்பி, அவ்வினாக்களை நீக்கி எஞ்சியவற்றின் அளவில் மதிப்பிடுதல் என்பதே அவ்வழி. மாணவர் சேர்க்கை நடந்துகொண்டிருக்கும் நாள்களில், மன்றங்களின் படிகளில், இத்தகைய நுண்ணிய வேலை நடைபெறாது. இறுதியில் தமிழில் எழுதிய பிள்ளைகளுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. வினாத்தாள் அச்சேறுமுன் தமிழாசிரியர் ஒருவரும் உயிரியலாசிரியர் ஒருவரும் ஒரு பகல் செலவிட்டிருந்தால் காத்திருக்கக்கூடியதை, மாதக்கணக்கில் வழக்காடியும் மீட்க முடியவில்லை. தமிழர் இந்நிகழ்ச்சியிலிருந்து கற்கவேண்டிய முதற்பாடம் இதுவே.

சீர்தூக்கல் என்னும் பெயரால் முறைகேடே சட்டமாவதும் உண்டு. அதனை ஈழத் தமிழர் கண்டனர். 1971-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் இலங்கையரசு மொழிக்கொரு எல்லை வகுத்தது. மருத்துவம் பயிலச் சிங்களவழி மாணவனுக்கு 229 மதிப்பெண் போதும். தமிழ்வழி மாணவன் 250 பெறவேண்டும். பொறியியலுக்குச் சிங்களவழியில் 227, தமிழ்வழியிலோ 250. பின்னர், 1973 முதல், இருமொழி மதிப்பெண்களையும் ஒரே அளவுக்குக் கொணர்தல் என்ற பெயரில் ‘தரப்படுத்தல்’ வந்தது. 1974-இல் மாவட்ட ஒதுக்கீடும் அதனோடு சேர்ந்தது. தமிழ்த்தாள்களைத் திருத்துவோர் தம்மினத்தார்க்கு மிகுதியாக மதிப்பெண் இடுகின்றனர் என்ற ஐயம் அந்நாளில் பரப்பப்பட்டது. திருத்துபவர்மேல் உண்மையிலேயே ஐயமிருந்தால், தாள்களை மீண்டும் திருத்திப் பார்க்கலாம். தவறு செய்தவரை ஒறுக்கலாம். ஓர் இனத்துப் பிள்ளைகள் எல்லார் மதிப்பெண்ணையும் மொழியை நோக்கிக் குறைமதிப்பாக்கியது சீர்தூக்கல் அன்று. துலாத்தட்டின் அடியில் மெழுகு ஒட்டியதாகும். மொழிவழித் தரப்படுத்தல் 1977-இல் கைவிடப்பட்டது. ஆனால் அதற்குள் ஒரு தலைமுறை இளைஞர் அரசின் நிறைகோலில் நம்பிக்கை இழந்துவிட்டனர். அதன் பின்விளைவை உலகம் அறியும்.

இங்கே ஒன்றைப் பிரித்தறிதல் வேண்டும். மாவட்ட ஒதுக்கீட்டால் யாழ்ப்பாணத்து மாணவர் இழந்தனர். ஆனால் பள்ளிவளம் குன்றிய மன்னார், மட்டக்களப்பு முதலிய தமிழ் மாவட்டத்துப் பிள்ளைகள் சிலர் இடம் பெற்றனர். வளம் குன்றிய ஊர்க்கு வாய்ப்பு அளிப்பது வேறு. ஒருவன் எழுதிய மொழிக்காக அவன் மதிப்பெண்ணைத் தேய்ப்பது வேறு. தமிழக அரசு 2020-இல் சட்டமியற்றி, அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு வழங்கியது. எவர் மதிப்பெண்ணையும் கூட்டாமல் குறைக்காமல், இடத்தை வெளிப்படையாக ஒதுக்கும் முறை அது. குன்றியவர்க்குக் கை கொடுக்க விரும்புவோர் செல்லவேண்டிய பாதை அதுவே. விடைத்தாளில் கமுக்கமாகச் சிவப்பு மையைக் கூட்டுவது அன்று.

நெறிமுறையைத் தேர்வுக்குப் பின்னர் மாற்றலாகாது என்பதற்கும் அண்மைக்காலச் சான்றுகள் உண்டு. வினாத்தாளின் கடுமைக்கேற்ப மதிப்பெண்ணை உயர்த்தும் வழக்கத்தை நடுவண் வாரியம் 2017-இல் கைவிட முனைந்தபோது, தேர்வு எழுதி முடித்த பிள்ளைகள்மேல் புதிய நெறியைச் சுமத்தலாகாது என்று தில்லி உயர்முறைமன்றம் தடுத்தது. இங்கிலாந்தில் 2020-இல் தொற்றுநோயால் தேர்வு நடவாதபோது, ஆசிரியர் இட்ட தரங்களைக் கணிப்பொறிக் கணக்கொன்றால் சீர்செய்யப் புகுந்தனர். ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது தரங்கள் கீழிறங்கின. பள்ளியின் பழைய தேர்ச்சி வரலாறு பிள்ளையின் தலையில் ஏறியதால், எளிய பள்ளியில் பயின்ற நன்மாணவர் வீழ்ந்தனர். நான்கே நாளில் அரசு அக்கணக்கைக் கைவிட்டது. பொறியாயினும் ஆளாயினும், தனிப்பிள்ளையின் தாளைப் பாராமல் கூட்டத்தைப் பார்த்து நிறுத்தால் கோல் சாயும்.

இனி, வெளியாரைக் குறை கூறுவதோடு அமையாமல், தமிழ் மண்ணில், தமிழாசிரியர் கையில் உள்ள கோலையும் நோக்குதல் கடமை. குற்றாலத்துப் பிள்ளை பிறந்தது முதல் கேட்ட சொல் ‘அருவி’ என்பது. ஐந்தருவி, சிற்றருவி, தேனருவி, புலியருவி என ஊரே அச்சொல்லால் நிறைந்திருக்கிறது. புவியியல் பாடநூல்களிலோ ஆங்கிலச் சொல்லைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த ‘நீர்வீழ்ச்சி’ பெரிதும் வழங்குகிறது. விடைக்குறிப்பில் நீர்வீழ்ச்சி என்று மட்டும் இருந்து, தேர்வில் ஒரு பிள்ளை அருவி என எழுதினால் என் செய்வது? அறிந்த ஆசிரியர் முழு மதிப்பெண் இடுவார். ஆனால் திருத்தும் மையத்தில் அச்சமும் அருகே அமர்ந்திருக்கிறது. விடைக்குறிப்பைக் கடந்து மதிப்பெண் இட்டதற்கு நாளை விளக்கம் கேட்டால் என்ன சொல்வது என்று தயங்கும் ஒருவர், குறிப்பில் இல்லாத சொல்லை அடித்துவிடக்கூடும். வேதியியலில் உயிர்வளி, உயிரியலில் கண்ணறை என எழுதும் பிள்ளைக்கும் இதே இடர் உண்டு. தூய தமிழில் எழுதியது குற்றமாகி, ஆசிரியர் ஊக்கிய பழக்கம் மாணவன் தலையில் விடியும். தமிழ்க் கலைச்சொல்லைப் பரப்ப விரும்புவோர் இவ்விடரை மறந்து பிள்ளைகளை முன்னே தள்ளலாகாது. பாடநூற் சொல்லை ஒருமுறையும், தூய சொல்லை அதனையடுத்தும் எழுதப் பழக்குவது, விடைக்குறிப்பு திருந்தும்வரை மாணவனைக் காக்கும் வேலியாகும்.

இதன் மறுபக்கம் இன்னும் கசப்பானது. எனினும் சொல்லியே ஆகவேண்டும். தமிழ்ப்பற்று மிக்க ஆசிரியர் ஒருவர் கையில் ‘பிராணவாயு’ என்றெழுதிய தாள் வந்தால் என் செய்வார்? தமிழ்த் தாளில் மொழித்தூய்மைக்கென மதிப்பெண் வகுக்கப்பட்டிருப்பின் அதன்படி குறைக்கலாம், அது நெறி. அறிவியல் தாளில் பொருள் சரியாக இருக்க, சொல் வடசொல்லாயிற்று என்று அரை மதிப்பெண் குறைத்தாலும் அது களவே ஆகும். பள்ளியிலேயே இடப்படும் அகமதிப்பீட்டுப் பத்து மதிப்பெண்ணிலும், செய்முறைத் தேர்விலும் இவ்விடர் பெரிது. ஏனெனில் ஆங்கு எழுதியவர் யாரென ஆசிரியர்க்குத் தெரியும். ஒரு பிள்ளையின் பெயரில் வடசொல் இருப்பதும் அரபுச்சொல் இருப்பதும் அப்பிள்ளையின் குற்றமன்று. தனித்தமிழ்ப் பெயர் தாங்கிய பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் கூட்டுவதும், பிற பெயர் தாங்கிய பிள்ளைக்கு ஒன்று குறைப்பதும், அன்று இலங்கையரசு செய்ததன் சிறுபதிப்பே. அவர்கள் செய்தால் கொடுமை, இவர்கள் செய்தால் மொழிப்பற்று என்று கூறும் வாய்க்கு முறைமை பேசும் தகுதி ஏது? தமிழ் தன் வலிமையால் வெல்லவேண்டும். பிள்ளையின் மதிப்பெண்ணைப் பிணையாக வைத்து வெல்லவேண்டிய இழிநிலை அதற்கு இல்லை.

செய்யத்தக்கன யாவை? முதலாவது, விடைக்குறிப்பு வகுக்கும் குழு ஒவ்வொன்றிலும் பாட ஆசிரியரோடு தமிழறிஞர் ஒருவர் அமர்தல் வேண்டும். ஒரு பொருட்குப் பாடநூற் சொல், பழைய பாடநூற் சொல், தூய தமிழ்ச்சொல், ஆங்கிலச் சொல்லின் தமிழ் எழுத்து வடிவம் என வழங்கும் சொற்கள் அனைத்தும் ஏற்கத்தக்கன எனக் குறிப்பிலேயே எழுதப்படல் வேண்டும். அங்ஙனம் எழுதிவிட்டால் திருத்துபவர்க்கு அச்சமில்லை, பிள்ளைக்கும் இழப்பில்லை.

இரண்டாவது, தமிழ் வினாத்தாள் ஆங்கிலத்தின் நிழலாக அன்றித் தமிழிலேயே வகுக்கப்படல் வேண்டும். மொழிபெயர்த்தே ஆகவேண்டுமாயின், பெயர்த்தவர் அல்லாத வேறொருவர், ஆங்கில மூலத்தைக் காணாமல், தமிழ் வடிவத்தை மட்டும் படித்து விடை காண முயலுதல் வேண்டும். அவரால் இயலவில்லையெனில் மாணவனாலும் இயலாது.

மூன்றாவது, ‘ஆங்கில வடிவமே முடிவானது’ என்னும் நெறிமுறை நீக்கப்படல் வேண்டும். எம்மொழியில் வினா கொடுக்கப்பட்டதோ, அம்மொழி வடிவமே அம்மாணவனுக்கு முடிவானது. பிழை நேரின் எவ்வாறு ஈடு செய்யப்படும் என்பதும் தேர்வுக்கு முன்பே எழுதி வெளியிடப்படல் வேண்டும்.

நான்காவது, மதிப்பெண்ணில் ஐயம் எழும் தாள்களை, முதலில் திருத்தியவரின் மதிப்பெண்ணைக் காணாத வேறொருவர் திருத்துதல் வேண்டும். இது தமிழர்க்குப் புதிதன்று. இறையனார் களவியலுக்குப் புலவர் பலர் உரை வகுத்து, எவர் உரை சிறந்தது என மாறுபட்டபோது, அவர்களுள் ஒருவரை நடுவராக வையாமல், உரை வகுக்காத, வாய் பேசாத உருத்திரசன்மன் என்னும் சிறுவனை அமர்த்தினர் என்பது அவ்வுரை கூறும் வரலாறு. போட்டியில் பங்கில்லாதவனே நடுவன் என்னும் தெளிவு அக்கதையில் உள்ளது.

ஐந்தாவது, விடைத்தாளின் படியைப் பெறுதலும் மறுமதிப்பீடு கேட்டலும் பணமுள்ளவர்க்கே எட்டும் உரிமையாக இருத்தலாகாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி அவ்வுரிமை வேண்டும். அதுவரை ஊர்தோறும் உள்ள தமிழ்மன்றங்கள் அச்செலவை ஏற்கலாம். படியைப் பெற்று விடைக்குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்க ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் உதவலாம். தென்காசி வட்டாரத்தில் பத்து ஆசிரியர் இப்பணிக்கு முன்வந்தாலும், மேடையில் ஓராண்டு முழக்கமிடுவதினும் மிகுந்த பயன் விளையும்.

தமிழ்வழிக் கல்வி வேண்டும் என்று கேட்பவர்க்கு மக்கள் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: தமிழில் படித்து எழுதினால் என் பிள்ளைக்கு உரிய மதிப்பெண் கிடைக்குமா? ‘கிடைக்கும்’ என்று அத்தாய்க்கு நெஞ்சாரக் கூறமுடியாதவரை, தமிழ்வழிக் கல்வி பற்றிய பேச்செல்லாம் காற்றில் கரையும். அவ்விடையை அவளுக்கு அளிக்கும் ஆற்றல் சட்டமன்றத்தில் மட்டும் இல்லை. திருத்தும் மையத்தில் சிவப்பு மை நிரப்பிய எழுதுகோலோடு அமர்ந்திருக்கும் ஒவ்வோர் ஆசிரியர் கையிலும் இருக்கிறது. அக்கை சாயாதிருக்கட்டும்; பகைவர் பிள்ளைக்கும் சாயாதிருக்கட்டும்; தம் பிள்ளைக்கும் சாயாதிருக்கட்டும். தமிழ்வழிக் கல்வி மக்கள் நம்பிக்கையைப் பெறும் வழி அதுவே.